கோட்டை இறக்கம்

மூன்று கிழமையாய் மான்களுக்கு என்னைத் தெரியும்.
எள்ளுருண்டைப் பெட்டிகளைக் கோயிலடிக் கடைகளில் இறக்கிவிட்டு
வெறும் மாருதியோடு திரும்பும்போது
முதல் வளைவிலேயே கீச்சிடும் முன்சில்லு.
புல்லிலிருந்து தலை எடுக்கும்,
ஒரு காது என் பக்கம், மற்றது கடல் பக்கம்.
பிறகு வழி விடும்.

முந்தநாள் கீச்சு கரகரப்பாய் மாறிற்று,
இரும்பு இரும்பைத் தின்னும் சத்தம்.
இரண்டு காலாலும் அமத்தியும்
கார் யோசித்து யோசித்துத்தான் நின்றது.

கராஜில் கூலி மட்டும் நாலாயிரம் என்றான்.
நாலாயிரத்துக்கு எத்தனை உருண்டை என்று
விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு
பாட் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

உப்புவெளி மணலில் ஜக் நிற்காது.
உடைந்த கதவுப் பலகையை அடியில் கொடுத்தேன்,
பின்சில்லுகளுக்கு இரண்டு கல்.
தூக்குமுன் நட்டைத் தளர்த்தவேண்டும் என்பது
தூக்கிய பிறகு நினைவு வந்தது.
இறக்கினேன்.
சாவியின் மேல் ஏறி நின்றேன்,
அறுபத்தெட்டுக் கிலோவும்.
கடற்காற்று பூட்டி வைத்ததை
லேசில் திறக்க விடாது.

கலிப்பரைக் கழற்றி, குழாயில் தொங்க விடாமல்
வேலியில் கழன்று கிடந்த கம்பித் துண்டால்
ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினேன்.
வெளிப்பக்கத்துப் பாட் இன்னும் அரைவாசி இருந்தது.
சில்லின் இடுக்கால் எட்டி எட்டிப் பார்த்து
இத்தனை நாளும் நான் ஆறுதல்பட்டது இதைத்தான்.
உள்பக்கத்தது வெறும் தகடு.

பிஸ்டனைப் பின்னால் தள்ளக் கைப்பலம் போதாது.
ஜி கிளாம்ப் வேண்டும்.
எங்கள் ஒழுங்கையில் அது இருப்பது
அலுமினிய வேலைக்காரர் வீட்டில் மட்டும்.
அவர் மனைவி ஜெசிந்தாவுக்கும் எனக்கும்
வாய்க்கால் தண்ணீர் விசயத்தில்
மாசிக்குப் பிறகு கதையில்லை.

வேலியடியில் நின்று
ஆருக்கென்று இல்லாமல் சொன்னேன்:
"கிளாம்ப் ஒண்டு தேவைப்படுது."
உள்ளே றேடியோ நின்றது.
கனநேரம் ஒன்றுமில்லை.
பிறகு வந்தாள். கையில் தரவில்லை.
சட்டையைச் சுருக்கிக்கொண்டு குந்தி
பழைய தகட்டைப் பிஸ்டனில் வைத்துத்
தானே திருகினாள்.
"மூடியத் திறந்தனீங்களா?"
ஓடிப்போய் பொனற்றைத் தூக்கினேன்.
எண்ணெய் விளிம்பு வரை ஏறியிருந்தது.
"மெல்ல" என்றேன்.
"மெல்லத்தான்" என்றாள்.
ஊசி போடும் சிறிஞ்சால் கொஞ்சம் இழுத்தெடுத்தேன்.
அவள் பின் ஒன்றை ஆட்டிப் பார்த்தாள்,
உப்புப் பிடித்து அசையாமல் கிடந்தது.
"கிறீஸ் கிடக்கா?"
கிடந்தது.
மற்றச் சில்லையும் அவள் கேட்காமலே தொடங்கினாள்.

எல்லாம் பூட்டி, முதல் மிதி.
கால் தரைவரை போனது, தடுக்க ஒன்றுமில்லை.
என் வயிற்றுக்குள் ஒரு நட்டுக் கழன்றது.
"விடாம மிதியுங்கோ" வெளியிலிருந்து குரல்.
மூன்று. நாலு.
ஆறாவதில்
மிதி என் காலைத் திருப்பி அமத்தியது.

கிளாம்பைத் துடைத்துக்கொண்டு அவள் போனாள்.
வாய்க்கால் அப்படியே ஓடுகிறது.
ஒரு பக்கற் எள்ளுருண்டையை வேலிக்கட்டையில் வைத்தேன்.
பொழுதுபட அது அங்கே இல்லை.
காகமாகவும் இருக்கலாம்.

இன்று காலை இறக்கம்.
சத்தமில்லை, புதுப் பாட் சூடேறும் மணம் மட்டும்.
இரண்டாம் வளைவில், நடு றோட்டில்,
கொம்பு இப்போதுதான் முளைக்கிற ஒன்று
மற்றப் பக்கம் பார்த்தபடி.
அமத்தினேன்.
ஒரு முழம் மிச்சமிருக்க நின்றது கார்.
அது தலை எடுக்கவில்லை.
அதற்கு என்னைத் தெரியவில்லை.

டிக்கியில், பேப்பரில் சுற்றிய பழைய பாட் நாலும்
முன்னுக்குச் சரிந்து ஒன்றையொன்று முட்டின.
அப்போதுதான் ஒரு காது திரும்பியது.

பழைய இரும்புக்காரன் வெள்ளிக்கிழமை வருவான்.
குடுக்கிறதா என்று யோசிக்கிறேன்.